3டி பிரிண்டரில் ஃபிக்ஸ்சர் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெஷினில் ஜாப்பை, அதாவது வேலை செய்யப்படும் பாகத்தை, அசையாமல் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்சரை இரும்பிலோ அலுமினியத்திலோ வெட்டிச் செய்ய நாள் கணக்கில் ஆகும். அதே ஃபிக்ஸ்சரை 3டி பிரிண்டரில் ராத்திரி போட்டுவிட்டுப் போனால் காலையில் கையில் இருக்கும். ஆனால் இரும்பில் வரைந்த டிசைனை அப்படியே பிளாஸ்டிக்கில் பிரிண்ட் செய்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். பிளாஸ்டிக் வடிவத்தைத் தரட்டும், ஜாப்பின் இடத்தைத் தீர்மானிக்கும் வேலையையும் விசையைத் தாங்கும் வேலையையும் உலோகம் பார்க்கட்டும் என்று பிரித்துக்கொண்டால் இந்த முறை அருமையாக வேலை செய்கிறது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு பிரிவினையிலிருந்து வருபவைதான்.

ஜிக், ஃபிக்ஸ்சர் இரண்டும் ஒன்றுதானா?

பேச்சில் கலந்தே சொல்கிறோம். ஜாப்பைப் பிடிப்பதோடு டிரில் போன்ற கருவிக்கும் வழிகாட்டினால் அது ஜிக். பிடித்து மட்டும் வைத்தால் ஃபிக்ஸ்சர். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி மெஷினில் கருவி எங்கே போக வேண்டும் என்பது புரோகிராமிலேயே இருப்பதால் அங்கே பெரும்பாலும் ஃபிக்ஸ்சர்தான் தேவைப்படும். கை டிரில்லுக்கும் சாதாரண டிரில்லிங் மெஷினுக்கும் ஜிக்.

பிரிண்ட் செய்த பிளாஸ்டிக் வெட்டு விசையைத் தாங்குமா? உடைந்துவிடாதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

அலுமினிய ஜாப் ஒன்றை 2 மி.மீ. ஆழத்தில், சுழலும் கட்டரின் பல் ஒன்றுக்கு 0.1 மி.மீ. முன்னேறும் ஃபீடில் மில்லிங் செய்கிறோம் என்று வையுங்கள். சிப்பின், அதாவது ஒரு பல் சீவி எடுக்கும் துணுக்கின், குறுக்குப் பரப்பு 0.2 சதுர மி.மீ. அலுமினியத்தில் ஒரு சதுர மி.மீ. சிப்பை வெட்ட ஏறத்தாழ 700 முதல் 800 நியூட்டன் விசை வேண்டும். சிப் மெல்லியதாக ஆக ஆக இந்த எண் கூடும் என்பதால் ஒரு பல்லுக்குச் சுமார் 200 நியூட்டன் என்று எடுத்துக்கொள்வோம். பாதுகாப்புக்கு இரண்டரை மடங்கு வைத்தால் 500 நியூட்டன். ஜாப்பைக் கவ்வும் வைஸின் இரண்டு ஜாக்களும், அதாவது தாடைகளும், உராய்வால்தான் ஜாப்பைப் பிடிக்கின்றன. உராய்வுக் கெழு 0.2 என்றால் 500-ஐ 0.4-ஆல் வகுக்க வேண்டும்: 1250 நியூட்டன். இது நாம் கொடுக்க வேண்டிய கிளாம்ப் விசை.

இந்த 1250 நியூட்டன், 20-க்கு 10 மி.மீ. அளவுள்ள பிளாஸ்டிக் பேடின் மேல் விழுந்தால் அழுத்தம் சுமார் 6 மெகாபாஸ்கல். பிஎல்ஏ பிளாஸ்டிக்கின் இழுவிசை வலிமையே 50 மெகாபாஸ்கலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆக உடையும் என்ற பயம் இங்கே தேவையில்லை.

கவலைப்பட வேண்டியது விறைப்பைப் பற்றி. விறைப்பைச் சொல்லும் எண்ணான யங் குணகம் பிஎல்ஏவுக்கு ஏறத்தாழ 3 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70, எஃகுக்கு 200. மேலே சொன்ன பேடின் தடிமன் 20 மி.மீ. என்றால் அந்த அழுத்தத்தில் அது 0.04 மி.மீ. அமுங்கும். அதே பேட் அலுமினியத்தில் இருந்தால் 0.002 மி.மீ.கூட அமுங்காது. அதுவும் பிளாஸ்டிக்கை முழுக்கட்டியாக நினைத்துப் போட்ட கணக்கு. உள்ளே வலைபோல் இன்ஃபில் வைத்திருந்தால் இன்னும் கூடுதலாக அமுங்கும். ஒரு ஆபரேட்டர் கொஞ்சம் அழுத்தித் திருகுவார், இன்னொருவர் மெதுவாகத் திருகுவார். ஜாப் உட்காரும் இடம் ஒவ்வொரு தடவையும் சற்று மாறும். அளவு ஏன் அலைபாய்கிறது என்று புரோகிராமிலும் டூலிலும் தேடிக்கொண்டிருப்போம்.

இதற்கு எளிய வழி இருக்கிறது. ஜாப் எந்தப் பக்கம் சாய்ந்து நின்று தன் இடத்தைப் பெறுகிறதோ அந்தப் பக்கம் உலோகம் இருக்கட்டும். தள்ளும் பக்கம், அதாவது வைஸின் நகரும் ஜா இருக்கும் பக்கம், பிளாஸ்டிக்காக இருக்கலாம். அங்கே 0.04 மி.மீ. அமுங்கினாலும் ஜாப்பின் இடம் மாறாது.

எந்த வேலைக்கு இது பொருந்தும்? எதற்கு ஒத்துவராது?

அசெம்பிளி ஃபிக்ஸ்சர், சோதனை ஃபிக்ஸ்சர், பர், அதாவது வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிர், எடுக்கும்போது பிடித்துக்கொள்ளும் கூடு, லேசர் மார்க்கிங் செய்யும் தட்டு, ஒட்டும்போது இரண்டு பாகங்களை நேராக வைக்கும் தாங்கி ஆகியவற்றுக்கு யோசிக்காமல் பிரிண்ட் செய்யலாம். விசை குறைவு, வடிவம் சிக்கல் என்ற இந்த வேலைகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அலுமினியம், பித்தளை, பிளாஸ்டிக் ஜாப்களில் லேசான மில்லிங், டிரில்லிங், டேப்பிங் எல்லாம் கவனமாக டிசைன் செய்தால் முடியும். எஃகில் ஆழமாக ரஃப் கட் எடுப்பது, 0.02 மி.மீ.க்கும் குறைவான டாலரன்ஸ், சூடு ஏறும் வேலைகள் ஆகியவற்றுக்கு உலோக ஃபிக்ஸ்சரே வேண்டும்.

எலக்ட்ரானிக் பலகைகளை அசெம்பிளி செய்யும் ஃபிக்ஸ்சரில் ஒரு எச்சரிக்கை. சாதாரண பிளாஸ்டிக்கில் நிலைமின்னூட்டம் தேங்கி நுண்பாகங்களைக் கெடுத்துவிடும். அதற்கென்றே மின்னூட்டத்தை மெதுவாகக் கசியவிடும் ஃபிலமென்ட் (பிரிண்டருக்குப் போடும் பிளாஸ்டிக் இழை) விற்கிறார்கள், அதைத்தான் வாங்க வேண்டும்.

ஜாப்பின் கேட் மாடலை, அதாவது கம்ப்யூட்டரில் வரைந்த முப்பரிமாண உருவத்தை, ஒரு பிளாக்கிலிருந்து கழித்து, வந்த பள்ளத்தை அப்படியே பிரிண்ட் செய்தால் போதாதா?

மென்பொருளில் இரண்டு கிளிக்கில் முடிந்துவிடும் என்பதால் பலரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். திரையில் பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் இதுதான் பிரிண்ட் செய்த ஃபிக்ஸ்சர்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேட் மாடல் என்பது டிராயிங் சொல்லும் அளவு. நம் கைக்கு வரும் ஜாப் அப்படி இருக்காது. வார்ப்பு என்றால் ஒன்றுக்கொன்று அரை மி.மீ. வித்தியாசம்கூட சாதாரணம். வார்ப்பு அச்சின் இரு பாதிகளும் சேரும் பார்ட்டிங் லைனில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும், அறுத்த இடத்தில் பர் இருக்கும். முழு உருவத்தையும் கவ்வும் பள்ளத்தில் அந்த ஜாப்பை வைத்தால் எங்கோ ஒரு மேடு முதலில் தட்டும். அது எந்த இடம் என்பது ஜாப்புக்கு ஜாப் மாறும். ஒன்று உள்ளே போகாது, இன்னொன்று ஆடும், மூன்றாவது சாய்ந்து உட்கார்ந்து சாய்ந்தபடியே வெட்டுப்படும். பள்ளத்தின் மூலையில் ஒரு சிப் சிக்கினாலும் கதை அதுதான்.

சரியான முறைக்கு 3-2-1 என்று பெயர். எந்தப் பொருளும் மூன்று அச்சுகளில் நகரலாம், மூன்று அச்சுகளைச் சுற்றிச் சுழலலாம். மொத்தம் ஆறு. கீழே மூன்று புள்ளிகள் தாங்கினால் மேல்கீழ் நகர்வும் இரண்டு சாய்வுகளும் அடங்கும். நீளமான பக்கத்தில் இரண்டு புள்ளிகள் வைத்தால் ஒரு பக்க நகர்வும் மிச்சமிருந்த சுழற்சியும் அடங்கும். மற்றொரு பக்கத்தில் ஒரே புள்ளி, கடைசி நகர்வும் நின்றுவிடும். அப்புறம் இந்த ஆறு புள்ளிகளையும் நோக்கித் தள்ளும்படி கிளாம்ப். ஏழாவது புள்ளி ஒன்று சேர்ந்தால் அது உதவி செய்யாது, மற்ற ஆறில் ஒன்றோடு சண்டை போடும்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். கேட் மாடலைக் கழிப்பதில் தவறில்லை. கழிப்பதற்கு முன் அதன் எல்லாப் பரப்புகளையும் அரை மி.மீ. முதல் 1 மி.மீ. வரை வெளியே தள்ளிவிடுங்கள். வார்ப்பு கரடுமுரடாக இருந்தால் இன்னும் கூடுதலாக. இப்போது கிடைக்கும் பள்ளம் ஜாப்பை எங்கும் தொடாது, சுமாரான இடத்துக்கு வழிகாட்டும். ஆபரேட்டர் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் ஜாப் ஏறத்தாழ சரியாக விழும். உண்மையான இடத்தைத் தீர்மானிக்க, பள்ளத்துக்குள் ஆறு இடங்களில் எஃகு டவல் பின்னோ (இடத்தை நிர்ணயிக்கும் உருளை முளை) போல்ட் தலையோ நீட்டிக்கொண்டிருக்கட்டும். மூலைகளைத் தோண்டி விடுங்கள், பர்ருக்கும் சிப்புக்கும் ஒதுங்க இடம் வேண்டும். அடியில் துளை வைத்தால் வெட்டும்போது குளிர்விக்க ஊற்றும் கூலண்டும் வடியும்.

அந்த ஆறு புள்ளிகள் எங்கே தொட வேண்டும்? டிராயிங்கில் டேட்டம், அதாவது அளவுகளுக்கு ஆதாரம், என்று குறித்திருக்கும் பரப்புகளில். ஃபிக்ஸ்சருக்கு வசதியான வேறு பரப்பைத் தேர்ந்தெடுத்தால், அளக்கும்போது அந்த வசதிக்கான விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஜாப்பில் ஏற்கெனவே இரண்டு துளைகள் இருக்கின்றன. அதிலேயே பின் போட்டு நிறுத்தலாமா?

நல்ல வழிதான். ஒரு துளையில் முழு உருண்டை பின், மற்றதில் டைமண்ட் பின், அதாவது இரண்டு பக்கமும் சீவிய பின். இரண்டிலுமே உருண்டை பின் போட்டால், துளைகளுக்கு இடையே உள்ள தூரம் சற்றே மாறிய ஜாப் உள்ளே இறங்காது. டைமண்ட் பின்னின் சீவிய பக்கங்கள் முதல் பின்னை நோக்கி இருக்க வேண்டும். பின்கள் எஃகில் இருக்கட்டும், பிரிண்டோடு சேர்த்து பிளாஸ்டிக்கில் எழுப்ப வேண்டாம். லேயர் பிரியும் இடத்தில் அவை முறிந்துவிடும்.

ஜாப்பைத் திருப்பி வைத்தாலும் உள்ளே போய்விடுகிறது என்றால், தவறாக வைக்கும்போது மட்டும் தடுக்கிற மாதிரி ஒரு முளையைச் சேருங்கள். ஷிகியோ ஷிங்கோ 1960களில் பரப்பிய போகா யோகே முறை இதுதான். உலோக ஃபிக்ஸ்சரில் இதற்குத் தனியாக ஒரு பாகம் செய்ய வேண்டும், பிரிண்டில் கூடுதலாக ஒரு கோடு வரைந்தால் போதும்.

எந்த ஃபிலமென்ட் நல்லது?

பிஎல்ஏவை மட்டமாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. சாதாரண ஃபிலமென்ட்களில் விறைப்பு அதிகம் உள்ளது அதுதான். பிரிண்ட் செய்யும்போது வளைவதும் குறைவு. அறை வெப்பத்தில், உலர்ந்த வேலைக்கு, முதல் மாதிரியைச் செய்து பார்க்க, பிஎல்ஏவே போதும். அதன் பலவீனம் சூடு. 55 முதல் 60 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பித்துவிடும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வைத்தாலே உருமாறும். தொடர்ந்து இறுக்கி வைத்தால் மெல்ல மெல்ல ஊர்ந்து கொடுத்துவிடும் குணமும் உண்டு.

பிஇடிஜி சுமார் 80 டிகிரி வரை நிற்கும். விறைப்பு கொஞ்சம் குறைவு, ஆனால் சட்டென்று முறியாது. ஏபிஎஸ் 100 டிகிரிக்குப் பக்கம் வரை தாங்கும், ஆனால் மூடிய பிரிண்டர் இல்லாவிட்டால் பெரிய பாகங்களின் மூலைகள் தூக்கிக்கொள்ளும்.

மெஷினில் தினமும் ஓடும் ஃபிக்ஸ்சருக்கு என் தேர்வு கார்பன் ஃபைபர் துகள் கலந்த நைலான். எண்ணெய், கிரீஸ் எதற்கும் அசையாது, அடி தாங்கும், ஃபைபர் சேர்ந்ததால் விறைப்பும் கூடும். பிளாஸ்டிக் உருகி வெளிவரும் நாசிலைத் தேய்த்துவிடும் என்பதால் கடினப்படுத்திய எஃகு நாசில் வேண்டும். நைலான் ஈரத்தை உறிஞ்சும் என்பதையும் மறக்கக் கூடாது. நைலான் 6 தண்ணீரில் ஊறினால் தன் எடையில் 9 சதவீதம் வரை குடித்துவிடும். குடித்தால் அளவும் ஊதும், விறைப்பும் விழும். நைலான் 12 குடிப்பது 2 சதவீதத்துக்கும் குறைவு. கூலண்டில் நனையும் இடம் என்றால் இந்த வித்தியாசம் முக்கியம்.

கூலண்ட் பட்டால் என்ன ஆகும்?

தண்ணீரில் கலக்கும் கூலண்ட்கள் காரத்தன்மை கொண்டவை. பாலிகார்பனேட்டுக்கு அது ஆகாது, இறுக்கமாகப் பிடித்திருக்கும் இடங்களில் நுண்விரிசல் விட்டு ஒருநாள் திடீரென்று பிளக்கும். ஏபிஎஸ்ஸும் சில எண்ணெய்களில் இப்படி விரிசல் விடும். ஒரு சிறு துண்டை வளைத்துக் கட்டி, உங்கள் கூலண்டிலேயே ஒரு வாரம் ஊறவைத்துப் பாருங்கள். டேட்டா ஷீட்டைவிட அது உறுதியான பதிலைத் தரும்.

இன்னொன்று, பிரிண்ட் செய்த பாகத்தின் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. லேயர் இடுக்கு வழியாகக் கூலண்ட் உள்ளே போய்த் தங்கி, பிறகு அளக்கும் மேசையில் கசியும். வெளிச்சுவர்களைத் தடிமனாக வைத்து, மேலே எப்பாக்ஸி ஒரு கோட் பூசினால் இது பெரும்பாலும் நின்றுவிடும்.

இன்ஃபில் எத்தனை சதவீதம் வைக்க வேண்டும்?

இன்ஃபிலைக் கூட்டுவதற்கு முன் சுவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். வளைவை எதிர்ப்பது பெரும்பாலும் வெளிச் சுவர்தான். 0.4 மி.மீ. நாசிலில் 5 அல்லது 6 சுவர் வைத்தால் 2 மி.மீ.க்கு மேல் திடமான ஓடு கிடைக்கும். அதற்கு மேல் 30, 40 சதவீத இன்ஃபில் போதுமானது. ஒரு நல்ல தந்திரம்: துளையைச் சுற்றியும் சுவர் உருவாகும் என்பதால், விசை விழும் இடத்தில் நிறைய துளைகள் வைத்தாலே, மாடலை லேயர்களாகப் பிரிக்கும் ஸ்லைசர் மென்பொருள் அங்கே திடமாக நிரப்பிவிடும்.

கனமும் அதிர்வைத் தாங்கும் தன்மையும் வேண்டும் என்றால் வெளிச்சுவரை மட்டும் பிரிண்ட் செய்து, உள்ளே எப்பாக்ஸியும் மணலும் கலந்து ஊற்றலாம். ஒரேயடியாக ஊற்றாதீர்கள். எப்பாக்ஸி இறுகும்போது சூடேறும், மொத்தமாக ஊற்றினால் பிஎல்ஏ ஓடு இளகி உப்பும். சில தடவையாக, ஆறவிட்டு ஊற்ற வேண்டும்.

எந்தத் திசையில் வைத்து பிரிண்ட் செய்வது?

லேயர்களை ஒன்றோடொன்று அழுத்தும் விசை நல்லது, பிரித்து இழுக்கும் விசை கெட்டது. கிளாம்ப் காது, கொக்கி போன்று வளையும் பகுதி எதுவாக இருந்தாலும் லேயர் கோடுகள் அதன் நீளவாக்கில் ஓட வேண்டும். ஒரே பாகத்தில் இரண்டு திசையிலும் விசை வந்தால் அதை இரண்டாகப் பிரித்து பிரிண்ட் செய்து போல்ட் போட்டு இணைப்பது மேல்.

போல்ட்டை நன்றாகத்தான் இறுக்கினேன். ஒரு வாரத்தில் தளர்ந்துவிடுகிறது. ஏன்?

8.8 தர எம்6 போல்ட்டை 10 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் அது சுமார் 8 கிலோநியூட்டன் விசையில் இழுக்கும். சாதாரண எம்6 வாஷரின் அடிப்பரப்பு ஏறத்தாழ 80 சதுர மி.மீ. வகுத்துப் பார்த்தால் 100 மெகாபாஸ்கல். எந்தச் சாதாரண ஃபிலமென்டும் அதைத் தாங்காது. வாஷர் அமிழ்ந்துபோகும். குறைவாக இறுக்கினாலும், பிளாஸ்டிக் தொடர் அழுத்தத்தில் ஊர்ந்து ஊர்ந்து மெலிய, போல்ட்டின் இழுவிசை தானாகவே இறங்கிவிடும். திரும்பத் திரும்ப இறுக்கிப் பயனில்லை.

போல்ட் போகும் துளைக்குள் ஒரு உலோகக் குழாயைச் செருகுங்கள். எஃகு அல்லது அலுமினியக் குழாயை பிளாஸ்டிக்கின் தடிமனைவிட ஒரு முடியளவு, 0.05 முதல் 0.1 மி.மீ., குறைவாக வெட்டிக்கொள்ள வேண்டும். போல்ட்டை இறுக்கும்போது பிளாஸ்டிக் அந்த அளவுக்கு மட்டும் அமுங்கும், அதன் பிறகு முழு விசையும் குழாய் வழியாக அடித்தட்டுக்குப் போய்விடும். வாஷர் குழாயின் விளிம்பை மூடும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். இந்தச் சின்னக் குழாய் இருக்கும் ஃபிக்ஸ்சருக்கும் இல்லாத ஃபிக்ஸ்சருக்கும் உள்ள வித்தியாசம் மலையளவு.

பிளாஸ்டிக்கிலேயே மரை வேண்டும் என்றால் சூடுபடுத்தி அழுத்தும் பித்தளை இன்சர்ட் போடலாம். எந்தப் பக்கத்திலிருந்து போடுகிறோம் என்பதைக் கவனியுங்கள். போல்ட் இழுக்கும் திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து செருகினால், இறுக்கும்போது இன்சர்ட் பிளாஸ்டிக்குக்குள் இன்னும் பதியும். போல்ட் வரும் பக்கமே செருகினால் பிடுங்கிக்கொண்டு வர வாய்ப்பு உண்டு. அதிக விசைக்கு இன்சர்ட்டைவிட, பின்பக்கம் பள்ளம் வைத்து எஃகு நட் பதிப்பது உறுதி.

பிரிண்டர் எவ்வளவு துல்லியம் தரும்?

ஃபிலமென்ட் பிரிண்டர் என்றால் 0.2 மி.மீ. முன்பின் என்று வைத்துத் திட்டமிடுங்கள். ரெசின் பிரிண்டர் இதைவிட நுணுக்கம், ஆனால் சாதாரண ரெசின் நொறுங்கும் தன்மை கொண்டது. துளைகள் எப்போதும் சிறிதாகத்தான் வரும்.

அதனால் துல்லியத்தைப் பிரிண்டரிடம் கேட்காமல், பிரிண்டுக்குப் பின் மெஷினில் எடுத்துக்கொள்வது நல்லது. டவல் பின் துளைகளை அரை மி.மீ. சிறிதாக பிரிண்ட் செய்து, டிரில் ஓட்டி, துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமர் போடுங்கள். முக்கியமான பரப்புகளில் அரை மி.மீ. முதல் 1 மி.மீ. வரை கூடுதலாக விட்டு, ஃபிக்ஸ்சரை மெஷினில் ஏற்றிய பிறகு அங்கேயே மில்லிங் செய்துவிட்டால், அந்தப் பரப்பு அந்த மெஷினின் அச்சுக்கே இணையாக வந்துவிடும். கூர்மையான டூல், குறைந்த வேகம், காற்று ஊதல். வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் வெட்டுப்படாமல் உருகி டூலில் ஒட்டும். சுவர்கள் இந்தக் கூடுதல் தடிமனைத் தாண்டியும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சீவும்போது இன்ஃபில் வெளியே தெரியும்.

வெப்பத்தையும் கணக்கில் வையுங்கள். 100 மி.மீ. நீள பிஎல்ஏ, 10 டிகிரி சூடேறினால் 0.07 மி.மீ. நீளும். அலுமினியம் 0.023, எஃகு 0.012. இரண்டு டவல் பின்களுக்கு இடையே உள்ள தூரம் முக்கியமென்றால் அந்த இரண்டு பின்களும் ஓர் அலுமினியத் தட்டில் இருக்கட்டும், பிளாஸ்டிக் அதைச் சுற்றிய உடையாக இருந்தால் போதும்.

டிரில் ஜிக்கில் பிளாஸ்டிக் துளை வழியாகவே டிரில் செய்யலாமா?

இரண்டு மூன்று ஜாப்புக்கு மட்டும் என்றால் சரி. அதற்கு மேல் எஃகு டிரில் புஷ், அதாவது டிரில்லுக்கு வழிகாட்டும் குழல், அழுத்திப் போடுங்கள். டிரில் பக்கவாட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று துளையை முட்டை வடிவமாக்கிவிடும். புஷ்ஷின் அடிக்கும் ஜாப்புக்கும் இடையே துளை விட்டத்தில் பாதி முதல் ஒரு மடங்கு வரை இடைவெளி வைத்தால் சிப் வெளியேறும்.

வைஸுக்கு சாஃப்ட் ஜா பிரிண்ட் செய்யலாமா?

தொடங்குவதற்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. வைஸின் எஃகு உடம்பு விசையைத் தாங்குகிறது, ஜாவின் பின்புறம் முழுக்க எஃகு முட்டுக்கொடுக்கிறது, பிளாஸ்டிக் வெறும் அமுக்கத்தை மட்டும் சந்திக்கிறது. வளைந்த, சாய்ந்த உருவங்களைக் கீறல் விழாமல் பிடிக்கலாம். ஜாப்புக்கும் எஃகுக்கும் இடையே உள்ள பிளாஸ்டிக் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு அமுங்கல் குறையும். முன்னே பார்த்த கணக்கில் 20 மி.மீ.க்குப் பதில் 5 மி.மீ. என்றால் 0.04 என்பது 0.01 ஆகிவிடும்.

இறுக்குவதில்தான் கட்டுப்பாடு வேண்டும். 6 அங்குல மெஷின் வைஸ் 20 கிலோநியூட்டனுக்கு மேல் அழுத்தக்கூடியது. நமக்குத் தேவையோ ஒன்றிரண்டு. கைப்பிடியைச் சுத்தியலால் தட்டும் பழக்கம் இங்கே கூடாது. இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து ஓர் எண்ணை நிர்ணயித்து, அந்த எண்ணை ஜாவின் மேலேயே எழுத்தாகப் பிரிண்ட் செய்துவிடுங்கள்.

லேத் சக்கில்?

சுழலும் இடத்தில் வேண்டாம். சுழலும்போது சக் ஜாக்கள் மையவிலக்கு விசையால் பிடியைத் தளர்த்தும், பிளாஸ்டிக்கின் நெகிழ்வும் அதோடு சேரும். பறந்து வரும் ஜாப் ஆளைக் கொல்லும்.

வாக்வம் ஃபிக்ஸ்சர் பிரிண்ட் செய்ய முடியுமா?

மெல்லிய தகடுகளுக்கு அழகாக வேலை செய்யும். பிரிண்ட் காற்றைக் கசியவிடும் என்பதால் எப்பாக்ஸி பூச்சு கட்டாயம், சுற்றிலும் ரப்பர் கயிற்றுக்கு வாய்க்கால் வேண்டும். விசையைப் பற்றி மட்டும் மிகையாக நம்பிவிடக் கூடாது. 100-க்கு 100 மி.மீ. பரப்பில் 0.08 மெகாபாஸ்கல் வெற்றிடம் கிடைத்தால் கீழ்நோக்கி 800 நியூட்டன். உராய்வுக் கெழு 0.2 என்றால் பக்கவாட்டில் நிற்பது 160 நியூட்டன்தான். எனவே பக்கவாட்டு விசையைத் தாங்க ஓரங்களில் எஃகு பின்கள் நட்டுவையுங்கள், வாக்வம் கீழே பிடித்திருக்கும் வேலையை மட்டும் செய்யட்டும்.

வெல்டிங்குக்கு?

டாக், அதாவது தற்காலிகமாகச் சிறு புள்ளி வெல்ட், வைக்கும்போது குழாய்களைக் கோணத்தில் நிறுத்த உதவும். வெல்ட் விழும் இடத்திலிருந்து பிளாஸ்டிக் தள்ளி இருக்க வேண்டும், இடையில் செம்பு அல்லது எஃகு பேட் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே எர்த் கிளாம்ப்பை ஜாப்பிலேயே மாட்டுங்கள். டாக் முடிந்ததும் ஃபிக்ஸ்சரைக் கழற்றிவிட்டு முழு வெல்டிங் செய்யுங்கள்.

3டி பிரிண்டர் இல்லை. வேறு விரைவு வழி உண்டா?

உண்டு, சில வேலைகளுக்கு அவை பிரிண்டரைவிடவும் மேல். லேசரில் வெட்டிய எஃகுத் தகடுகளை நாக்கும் பொந்துமாகக் கோத்தால் உறுதியான ஃபிக்ஸ்சர் சில மணி நேரத்தில் தயார். வெல்டிங் ஃபிக்ஸ்சருக்கு என் முதல் தேர்வு இதுதான். லேசரில் பிவிசி மட்டும் வெட்டாதீர்கள். அது வெளிவிடும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு மூச்சையும் மெஷினையும் அரிக்கும்.

கேட் மாடலே இல்லாத பழைய வார்ப்பு என்றால், அதன் மேல் மோல்டு ரிலீஸ் மெழுகு தடவி, சுற்றி எப்பாக்ஸி ஊற்றி அச்சாகவே கூடு எடுக்கலாம். அந்த ஒரு ஜாப்பின் மேடுபள்ளம் முழுக்கப் பதிந்துவிடும் என்பதால், இறுகியதும் தொட வேண்டிய இடங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

செய்து முடித்த ஃபிக்ஸ்சர் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஒரே ஜாப்பை எடுத்து எடுத்து மறுபடி வையுங்கள். ஒவ்வொரு தடவையும் வழக்கமாக இறுக்கும் அளவுக்கு இறுக்கி, ஜாப்பின் ஓர் ஓரத்தில் டயல் கேஜ் வைத்துப் படியுங்கள். முள் ஒரே இடத்துக்குத் திரும்பி வருகிறதா என்பதே முதல் கேள்வி. பிறகு டயலை அப்படியே வைத்துக்கொண்டு கிளாம்ப்பை மெல்லத் தளர்த்துங்கள். முள் நகர்ந்தால், கிளாம்ப் ஜாப்பை வளைத்துப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கிளாம்ப் அழுத்தும் இடத்துக்கு நேர் கீழே தாங்கும் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

அடுத்து ஜாப்பை மாற்றுங்கள். குவியலிலிருந்து பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்று தேடி எடுத்து வைத்துப் பாருங்கள். ஒரு நல்ல ஜாப்பில் சரியாக உட்காருவது பெரிய விஷயமில்லை. கடைசியாக, வேறொரு ஆபரேட்டரைக் கூப்பிட்டு, எதுவும் சொல்லிக்கொடுக்காமல் ஜாப்பை வைக்கச் சொல்லுங்கள். அவர் கை எங்கே தயங்குகிறது, சிப்பைத் தட்ட எங்கே விரல் நுழையவில்லை என்று பக்கத்தில் நின்று பார்த்தால் அடுத்த பிரிண்டில் மாற்ற வேண்டியது தெரிந்துவிடும். உலோகத்தில் இந்தத் திருத்தங்களை யாரும் செய்வதில்லை, செலவு அப்படி. இங்கே மறுநாளே புது ஃபிக்ஸ்சர் கிடைத்துவிடுகிறது. பிரிண்டிங்கின் மிகப் பெரிய பலன் என்று நான் நினைப்பது இந்தத் திருத்தும் சுதந்திரத்தைத்தான்.

ஒரு ஃபிக்ஸ்சர் எவ்வளவு நாள் உழைக்கும்? தேய்ந்தால் என்ன செய்வது?

தேயும் இடங்களில் எஃகு வைத்திருந்தால் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் உழைக்கும். அளவு நகர்கிறதா என்று ஒவ்வொரு புது செட்டிங்கின்போதும் டயல் வைத்துப் பாருங்கள். விரிசல், வெளுத்த கோடு, லேயர் பிளவு எதைக் கண்டாலும் அன்றே ஒதுக்கிவிடுங்கள், ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள்.

ஒதுக்கியதிலிருந்து டவல் பின், புஷ், குழாய், நட் எல்லாவற்றையும் கழற்றிப் புதியதில் போடலாம். அதற்காகவே அடித்தட்டை ஒரே அளவில், ஒரே துளை வரிசையோடு அலுமினியத்தில் ஒருமுறை செய்துகொண்டு, மேலே உள்ள பிளாஸ்டிக் கூட்டை மட்டும் ஜாப்புக்கு ஜாப் மாற்றுவது நல்லது. ஒவ்வொரு கூட்டின் பக்கவாட்டிலும் ஜாப் எண், திருத்த எண், பொருளின் பெயர், டார்க் அளவு நான்கையும் எழுத்தாகவே பிரிண்ட் செய்யுங்கள். ஃபைலின் பெயரிலும் அதே திருத்த எண் இருக்கட்டும். மெஷினில் மாட்டியிருப்பது மூன்றாவது திருத்தம், கம்ப்யூட்டரில் இருப்பது இரண்டாவது என்றால், அடுத்த தடவை பிரிண்ட் எடுப்பவர் நாம் ஏற்கெனவே சரிசெய்த குறையையே மறுபடி மெஷினில் மாட்டுவார்.